உப்புக்கடை வீட்டுக் கொதிப்பு

தேனிச் சந்தையில் உப்பு விற்ற சுயம்புலிங்கத்துக்கு இந்த உலகத்தில் இரண்டே இரண்டு பெருமைகள். ஒன்று, தூத்துக்குடியிலிருந்து ரயிலேறி வந்து அவர் கிட்டங்கியில் இறங்கும் உப்பு. அதில் ஒரு கல்லை எடுத்து வெயிலில் காட்டினால் கம்பம் ஊரில் இருப்பவனுக்குக் கண் கூசும். இன்னொன்று, அவருடைய ஒரே மகன் பொன்னுராஜ். பன்னிரண்டு வயசு, நூற்று ஐம்பது ராத்தல். இது வாய்க்கணக்கு இல்லை. ரயில்வே ஸ்டேஷன் பார்சல் தராசில் ஏற்றி நிறுத்தி, ஸ்டேஷன் மாஸ்டரே முள்ளைப் பார்த்துச் சொன்னது. தராசு அதற்கப்புறம் ஒரு வாரம் சரியாக வேலை செய்யவில்லை என்பது தனிக்கதை.

பையன் தெருவில் இறங்கினால் நாய்கள் எழுந்து வழிவிடும். ஆனால் அவன் தெருவில் இறங்குவதே அபூர்வம். பள்ளிக்கூடம் இரண்டு பர்லாங்கு தூரம். உப்பு மூட்டை ஏற்றும் வண்டியிலேயே அவனையும் ஏற்றி விடுவார் அப்பா. திரும்புவதும் அதிலேயே. மாடுகள் இரண்டும் அவன் ஏறும்போது ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பெருத்த உடம்புக்கு ஒரு நாள் யோகம் அடித்தது. வருசா வருசம் தை மாசம் தேனிப் பள்ளிக்கூடத்துக்கும் போடிப் பள்ளிக்கூடத்துக்கும் வடம் இழுப்புப் போட்டி நடக்கும். ஐந்து வருசமாகத் தேனி தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதென்றால் சும்மா இல்லை, கயிற்றோடு சேர்த்து எட்டுப் பையன்களையும் போடிக்காரர்கள் தம் ஊர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள் என்றுதான் போடியில் பேச்சு. எட்மாஸ்டர் ராக்கையா அந்த வருசம் பொன்னுராஜைக் கயிற்றின் கடைசியில் நிறுத்தி, நுனியை அவன் இடுப்பில் சுற்றிப் பார்த்தார். ஏழு வாத்தியார்கள் சேர்ந்து இழுத்தார்கள். பொன்னுராஜ் கொட்டாவி விட்டான்.

அன்றிலிருந்து அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் நங்கூரம் என்று பேர். எட்மாஸ்டர் போகிற வருகிற பக்கமெல்லாம் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். சுயம்புலிங்கம் கடைக்கு வருகிறவர்களிடம் உப்பை அளக்குமுன் இந்தக் கதையை அளந்தார். பையனுக்கோ, பிறந்ததிலிருந்து ஓட்டத்திலும் சடுகுடுவிலும் யாரும் சேர்த்துக்கொள்ளாதவனுக்கு, முதல்முறையாக ஒரு விளையாட்டில் இடம். தூக்கத்தில்கூடக் குதிகாலை ஊன்றிக்கொண்டுதான் படுத்தான்.

கார்த்திகை பிறந்தது. பெரியகுளத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க டாக்டர் கிருபாவதி வந்தார். முப்பது வயசிருக்கும். கையில் ஒரு மரப்பெட்டி. அதைத் திறந்தால் உள்ளே கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் பாதரசம், ஒரு துணிப்பட்டை, பிதுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்து. பட்டணத்திலிருந்து புதிதாக வரவழைத்தது. புதுச் செருப்பு வாங்கியவர் நடந்துகொண்டே இருப்பதைப் போல, டாக்டரம்மாவும் கண்ணில் பட்ட கைக்கெல்லாம் பட்டையைச் சுற்றினார். பொன்னுராஜின் கைக்குப் பட்டை எட்டவில்லை. பெரிய ஆட்களுக்கான அகலப் பட்டையை எடுத்துச் சுற்றினார். பந்தைப் பிதுக்கினார், முழங்கை மடிப்பில் காதுக்குழாயை வைத்துக் கேட்டார். பாதரசத்தைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார். மூன்றாவது தடவையும் நூற்று ஐம்பதிலேயே நின்றது.

எடை நூற்று ஐம்பது, இதுவும் நூற்று ஐம்பது, பொருத்தம் பாருங்கள் என்று எட்மாஸ்டர் சந்தோசப்பட்டார். டாக்டரம்மா சந்தோசப்படவில்லை. தகப்பனைக் கூப்பிட்டு அனுப்பச் சொன்னார்.

சுயம்புலிங்கம் சலவை வேட்டி கட்டி, குடையும் ஒரு பொட்டணம் உப்புக்கடலையுமாக வந்து சேர்ந்தார். மகனைப் பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவருக்குள் ஒரே நிச்சயம். டாக்டரம்மா கேள்வி கேட்கக் கேட்க அந்த நிச்சயம் கல்லாக இறுகியது. பின்னே, என்ன சாப்பிடுவான் என்று ஒரு பெரிய படிப்புப் படித்தவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது?

காலையில் பழைய சோற்றுக்கு மோர்மிளகாய் பத்து. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது சட்டைப் பையில் ஒரு கை கல்லுப்பு, மற்றப் பிள்ளைகள் கருப்பட்டி வைத்திருக்கிற மாதிரி. மத்தியானம் நெத்திலிக் கருவாடு. சாயங்காலம் மாங்காய் கிடைத்தால் மாங்காய், புளியங்காய் கிடைத்தால் புளியங்காய், ஒன்றுமே கிடைக்காவிட்டால் உப்பு மட்டும். சுயம்புலிங்கம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல டாக்டரம்மா எழுதிக்கொண்டே போனார். நடப்பானா, ஓடி ஆடுவானா என்று கேட்டதற்கு, வீட்டில் வண்டியும் மாடும் இருக்கும்போது அவன் எதற்கு நடக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது என்று டாக்டரம்மா ஆரம்பித்ததும் அவருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது.

“எங்க வம்சமே சுருக்குன்னு ஏறுற வம்சம் டாக்டரம்மா. எங்கய்யா நாப்பத்தெட்டு வயசுல உப்பு ஆபீசர் ஒருத்தர்கிட்டச் சண்டைக்குப் போனாக. முகம் பழுத்த மிளகா கணக்காச் செவந்துபோச்சு. பேசிக்கிட்டு இருக்கையிலயே வாய் ஒரு பக்கமாக் கோணிருச்சு. மூணாம் நாள் போய்ச் சேந்துட்டாக. ஆனா சண்டையில விட்டுக்குடுக்கல.”

டாக்டரம்மாவின் பேனா நின்றது. எழுதி முடித்த காகிதத்தை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். இவ்வளவு சின்ன வயசில் இது வருவது அபூர்வம் என்றும், ஆனால் வருவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் அண்ணாச்சி வீட்டில் தேடிப் பிடித்துச் சேர்த்து வைத்திருப்பதாகவும் சொன்னார்.

“உங்க பையனுக்கு ரத்தக் கொதிப்பு. நூத்து முப்பதுக்குக் கீழ இறங்குற வரைக்கும் அவன் வடத்தைத் தொடக்கூடாது. மூச்சைப் பிடிச்சு இழுக்கறது இப்ப அவனுக்கு ஆகாது.”

எட்மாஸ்டருக்கு நாற்காலி தேவைப்பட்டது. டாக்டரம்மா சாப்பாட்டு விசயத்துக்கு வருவதற்காகக் காகிதத்தைத் திருப்பினார். ஆனால் கேட்பதற்குச் சுயம்புலிங்கம் அங்கே இல்லை. கொதிப்பு என்ற சொல் காதில் விழுந்த மறுநொடி அவர் குடையை மறந்து, மகனை வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கொதிக்கிறதென்றால் ஆற்ற வேண்டும். இதில் டாக்டரிடம் நின்று கேட்க என்ன இருக்கிறது?

அப்புறம் அந்த வீட்டில் நடந்தது குளிரூட்டும் வேலை. தலைக்கும் உடம்புக்கும் நல்லெண்ணெய். வெட்டிவேர் போட்ட தண்ணீரில் குளியல், அதுவும் கார்த்திகை மழையில், விடியற்காலையில். பையன் தும்மிய தும்மலில் ஓட்டுக்கூரையில் இருந்த புறாக்கள் அல்லிநகரத்துக்குக் குடிபோயின. எல்லாவற்றுக்கும் மேலாக மோர். குடம் குடமாக நீர்மோர். சூட்டைத் தணிக்க அதைவிட ஒன்று உண்டா? மோர் என்றால் உப்புப் போடாமல் யார் குடிப்பார்கள்? அதிலும் இது நோய்க்கான மோர். சுயம்புலிங்கம் தம் கையாலேயே முதல் தர உப்பாகப் பொறுக்கி, தாராளமாக அள்ளிப் போட்டார். தொட்டுக்கொள்ள, குளிர்ச்சி என்று உப்பு நார்த்தங்காய். ஒரு நாளைக்கு ஏழெட்டுச் செம்பு உள்ளே போனது. தேனியில் அந்த மாசம் தயிருக்குத் தட்டுப்பாடு வந்ததற்கு வேறு காரணம் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள்.

“யப்பா, என் ரத்தம் இந்நேரம் உறைஞ்சு தயிராயிருக்கும்,” என்றான் பொன்னுராஜ். தொட்டால் அவன் உடம்பு தவளை மாதிரி ஜில்லென்று இருந்தது. வெற்றி என்று நினைத்துக்கொண்டார் அப்பா.

மார்கழியில் டாக்டரம்மா திரும்பி வந்து அளந்தார். நூற்று ஐம்பத்தெட்டு.

சுயம்புலிங்கம் எந்திரத்தைக் குறை சொன்னார். தொட்டுப் பாருங்க, பிள்ளை ஐஸ்கட்டியாக இருக்கிறான், இதற்குமேல் எப்படி ஆற்றுவது என்று கேட்டார். டாக்டரம்மா ஆற்றியது எப்படி என்று விசாரித்தார். எண்ணெய், வெட்டிவேர், மோர் என்று பட்டியல் போனது.

“மோர்ல என்ன போட்டீங்க?”

“உப்பு.”

சொன்ன பிறகுதான் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, அந்தப் பேரு வச்சது யாருன்னு எனக்குத் தெரியாது. கையில கெடச்சா உதைப்பேன். ரத்தம் கொதிக்கல. அதுல சூடும் இல்ல. பெரியாத்துல தண்ணியத் திறந்துவிட்டா வாய்க்காக் கரை என்ன பாடு படும்? தண்ணி பச்சத்தண்ணிதான. ஆனா கரையப் போட்டு நெருக்குதுல்ல? அந்த மாதிரி ரத்தம் குழாயைப் போட்டு நெருக்குது. நீங்க உப்பக் குடுக்கக் குடுக்க மதகுல இன்னும் ஒரு பலகையைத் தூக்கி விடுறீங்க.”

நெருக்குகிறது என்றதும் சுயம்புலிங்கத்துக்கு விளங்கிவிட்டது. வாய்க்கால் உடைந்து கிட்டங்கிக்குள் தண்ணீர் வந்து நாற்பது மூட்டை உப்பு ஒரே ராத்திரியில் காணாமல் போனதைப் பார்த்தவர் அவர். மகனுடைய தடித்த கையைப் பிடித்துப் பார்த்தார். அதற்குள் ஒரு வாய்க்கால் கரை அதிர்ந்துகொண்டிருப்பதாகத் தோன்றியது.

அவர் மகன் கையை விடாமல் உட்கார்ந்திருந்த சமயம் பார்த்து டாக்டரம்மா அவர் கையிலும் பட்டையைச் சுற்றிவிட்டார். பாதரசம் கிடுகிடுவென்று ஏறி, குழாயின் கூரையை முட்டி, பெட்டியைவிட்டு வெளியே வந்து எட்மாஸ்டருக்கு வணக்கம் சொல்லாததுதான் பாக்கி. நூற்றுத் தொண்ணூறு. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து பையனுக்கு, இந்தச் சொத்தை மட்டும் உங்கள் வீட்டில் பாகப்பிரிவினை இல்லாமல் கொடுத்திருக்கிறீர்கள் என்றார் டாக்டரம்மா. அதை மாற்ற முடியாதாம். ஆனால் உப்பைக் குறைக்கலாம், எடையைக் குறைக்கலாம், வண்டியை விட்டு இறங்கலாம். போட்டிக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. அன்றைக்குக் காலையில் வந்து அளந்துவிட்டுத்தான் வடத்தைக் கையில் கொடுப்பேன் என்று சொல்லிப் பெட்டியைச் சாத்தினார்.

வீட்டில் சண்முகத்தாய், அதாவது சுயம்புலிங்கத்தின் மனைவி, விசயத்தைக் கேட்டதும் உப்புப் பானையைத் தூக்கிப் பரணில் வைத்தாள். பையனுக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் போதாதா, எனக்கு எப்போதும்போல் இருக்கட்டுமே என்று சுயம்புலிங்கம் நைசாகச் சொல்லிப் பார்த்தார்.

“ரெண்டு உலை வைக்க எனக்கு நாலு கை இல்ல. நூத்துத் தொண்ணூறு ஒங்களுக்குத்தான சொன்னாக, பக்கத்து வீட்டுக்காரருக்கா?”

அதோடு பேச்சு முடிந்தது. கருவாடு போயிற்று, மோர்மிளகாய் போயிற்று. எலுமிச்சம்பழமும் மிளகும் பூண்டும் போட்டு அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். ஆனாலும் முதல் வாரம் அந்த வீட்டுச் சாப்பாட்டை எட்டிப் பார்த்த காக்கா, வேறு வீடு பார்த்துக்கொண்டது. வண்டி கொட்டகையில் நின்றது. தினமும் காலையில் அப்பாவும் மகனும் அரண்மனைப்புதூர் ஆற்றங்கரை வரைக்கும் நடந்து போய் வந்தார்கள். முதல் நாள் போகும்போது பொன்னுராஜ் பதினேழு இடத்தில் உட்கார்ந்தான். அப்பா பதினெட்டு. திரும்பி வந்து சேர்ந்தபோது சந்தை கலைந்திருந்தது. மூன்றாம் வாரம் பையன் முன்னே போய் நின்று, சீக்கிரம் வாங்க என்று கையாட்ட ஆரம்பித்தான்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் ஒரு கிண்ணம் குழம்பு வாங்கிப் போக வந்தாள். வாங்கினாள், ருசி பார்த்தாள், அப்படியே நின்றாள். உப்புக் கடைக்காரன் வீட்டுக் குழம்பில் உப்பு இல்லை. மறுநாளும் வந்து பார்த்தாள், இல்லை. அவன் உப்பை அவனே தின்பதில்லை என்ற சேதி அன்றைக்கே தெருவைத் தாண்டியது. பழனிசெட்டிபட்டிக்குப் போய்ச் சேரும்போது அந்த உப்பில் சுண்ணாம்புக்கல் கலந்திருந்தது. மயிலாடும்பாறைக்குப் போகும்போது அதைத் தின்று ஒரு காளை மாடு மலையாளம் பேசியிருந்தது.

வாரச் சந்தை கூடியது. சுயம்புலிங்கத்தின் உப்புக் குவியலை எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள். எதிர்வரிசையில் உப்பும் கருவாடும் விற்கும் ஏசுதாசன் முன்னால் கூட்டம் அலை மோதியது. மத்தியானம் வரை ஒரு படி விற்கவில்லை. ஏசுதாசன் போட்டிக்காரர்தான், ஆனாலும் கெட்ட மனுசன் இல்லை. எழுந்து வந்து ஊர் கேட்க ஒரு வழி சொன்னார்.

“அண்ணாச்சி, சந்தேகம்னு வந்துபோச்சு. மகன இங்கன நிறுத்தி ஒரு கை உப்ப அள்ளித் திங்கச் சொல்லுங்க. எல்லாரும் பாக்கட்டும். அம்புட்டுத்தான் சோலி.”

கூட்டம் கூடிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு நடந்து வந்த பொன்னுராஜ் அங்கேதான் நின்றான். இருபத்தைந்து நாளாக ஒரு கல்லைக் கண்ணால் பார்க்காதவன். உப்பு என்ற சொல்லுக்கே அவன் நாக்கு ஊறியது. யாரும் சொல்வதற்குள் உள்ளங்கையை நீட்டிவிட்டான்.

சுயம்புலிங்கம் குவியலில் கையை விட்டார். ஒரு கை நிறைய எடுத்தார். வெயிலில் அது மின்னியது. ஒரே ஒரு கைதானே, இருபத்தைந்து நாள் பத்தியத்தில் ஒரு கை என்ன செய்துவிடும் என்று மனசு வியாபாரம் பேசியது. அப்புறம் மகனுடைய நீட்டிய கையைப் பார்த்தார். தடிமன் கொஞ்சம் வற்றியிருந்தது. மணிக்கட்டு என்று ஒன்று அவனுக்கு இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

எடுத்த உப்பைக் குவியலிலேயே கொட்டினார்.

“உப்பு நல்ல உப்பு. எங்க ரத்தந்தான் சரியில்ல. எங்கய்யாவுக்கு இருந்துச்சு, எனக்கு இருக்கு, இவனுக்கும் வந்திருக்கு. இவன் தை மாசம் வடம் இழுக்கணும், அதனால திங்க மாட்டான். வாங்குறவுக வாங்குங்க. வேணாங்கிறவுக ஏசுதாசன்கிட்ட வாங்கிக்கோங்க. அதுவும் இதே ரயில்ல, இதே பெட்டியில வந்ததுதான்.”

பொட்டிப்புரத்திலிருந்து ஊறுகாய்க்கு உப்பு வாங்க வந்த முருகம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். சரக்கைப் பற்றிப் பொய் சொல்லும் வியாபாரிகளை நிறையப் பார்த்திருக்கிறாளாம். தன் வம்சத்தைக் குறையாகச் சொல்லி விற்கிற வியாபாரியை இன்றைக்குத்தான் பார்க்கிறாளாம். நாலு படி அளக்கச் சொன்னாள். சுயம்புலிங்கம் அளந்து போட்டுவிட்டு, “பாத்துப் போடு ஆத்தா, கொறச்சலாவே போடு,” என்றார். அது அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு படிக்கும் அதைச் சொல்லித்தான் அளந்தார். குறைச்சலாக வாங்கு என்று சொல்கிற கடையைப் பார்க்கவே பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

போட்டி நாள். டாக்டரம்மா பெட்டியோடு மைதானத்துக்கு வந்து, வேப்பமரத்தடியில் பொன்னுராஜை உட்காரவைத்து, பட்டையைச் சுற்றினார். இந்தத் தடவை சின்னப் பட்டையே எட்டியது. சுயம்புலிங்கம் பாதரசத்தைப் பார்க்க மனசில்லாமல் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நூத்து இருபத்தாறு. இழுக்கலாம்.”

ஆனந்தத்தில் அவர் துள்ளியதில் வேப்பம்பழம் உதிர்ந்திருக்கும், பருவம் இல்லாததால் தப்பித்தது. ஆனால் எட்மாஸ்டர் முகத்தில் ஈ ஆடவில்லை. அவர் பையனை மேலும் கீழும் பார்த்தார். நூற்று ஐம்பது ராத்தல் நூற்று முப்பத்திரண்டாக ஆகியிருந்தது.

“நங்கூரத்தைக் கேட்டேன் அண்ணாச்சி. தூண்டில் முள்ளைக் கொண்டாந்து நிறுத்துறீகளே.”

வேறு ஆள் இல்லை. பொன்னுராஜ் கடைசியில் நின்றான். எதிரே போடிக்காரர்களின் கடைசி ஆள் கர்ணன், ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன், நூற்று அறுபதுக்குக் குறையாது. முதல் இழுப்பில் போடி ஜெயித்தது. எண்ணி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இரண்டாவதில் பொன்னுராஜ் குதிகாலை ஊன்றி நின்று நின்று, கர்ணனுக்கு மூச்சு வாங்கும்வரை நின்று, தேனிப் பக்கம் கொண்டுவந்தான். ஒன்றுக்கு ஒன்று.

மூன்றாவதற்கு விசில் ஊதுமுன்பே சுயம்புலிங்கம் கோட்டுக்குப் பக்கத்தில் போய்க் கத்த ஆரம்பித்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்து, முகம் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்தது. டாக்டரம்மா அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மரத்தடியில் உட்காரவைத்து, பட்டையைச் சுற்றினார். பேசக்கூடாது, அசையக்கூடாது, பேசினால் எனக்குக் கேட்காது என்றார்.

முன்னால் ஊரே எழுந்து நின்று மறைத்துக்கொண்டது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. போடி, போடி என்று ஒரு பக்கம் எழும்பும்போது பாதரசம் நெளிந்தது. நங்கூரம், நங்கூரம் என்று இன்னொரு பக்கம் எழும்பும்போது அதுவும் நெளிந்தது. பிறந்ததிலிருந்து ஒரு சண்டையிலும் வாயை மூடாத வம்சத்து ஆள், உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இழுப்பு முடியவே இல்லை. டாக்டரம்மா குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். சத்தம் பெரிசாகி, பெரிசாகி, விசில் ஊதி, ஒரே கூச்சலாக வெடித்தது. யாருடைய கூச்சல் என்று தெரியவில்லை. அவர் எழுந்திருக்கப் போனார். டாக்டரம்மா தோளை அழுத்தினார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருத்தன் ஓடிவந்தான். ஆமாம், ஓடித்தான் வந்தான். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துச் சிவந்திருந்தன, முகமெல்லாம் புழுதி, பல்லெல்லாம் சிரிப்பு. கர்ணன் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டதையோ, தேனிக்கு ஆறாவது வருசத்தில் கிடைத்த கோப்பையையோ அவன் சொல்லவில்லை. அப்பா கையில் சுற்றியிருந்த பட்டையைப் பார்த்ததும் மூச்சிரைக்கக் குனிந்து, கண்ணாடிக் குழாயை எட்டிப் பார்த்தான்.

“யப்பா, எம்புட்டு?”

“நூத்து அறுபத்தஞ்சு,” என்றார் டாக்டரம்மா. “இந்தக் கூச்சல்ல இது பரவாயில்ல. ஆனா இன்னும் நடக்கணும்.”

பொன்னுராஜ் அப்பாவின் கையிலிருந்து பட்டையை அவிழ்த்தான்.

“நாளைக்கு வீரபாண்டி வரைக்கும் போவோம்,” என்றான். “நீங்க முன்னால போங்க. நின்னீகன்னா நான் பின்னால இருந்து தள்ளுறேன்.”